முன்சீட்டுக்காரியோட ஒறக்கம்

…எட்டு மணி வரைக்கும் ஒறங்குகாளாம் ஏட்டி! காலம்பற எட்டு மணி! மேலத்தெருவுல புதுசா கெட்டிக்கிட்டு வந்த பொண்ணுதான். மாமியாக்காரி குழாயடியில நிண்ணு என்ன கூப்பாடு போடுகா தெரியுமா? "கதவு ஒடைஞ்சிரும் போல தட்டுனேன், உம்முண்ணு ஒரு சத்தம் இல்ல"ண்ணு. நிண்ணவளுவ எல்லாம் வாயில கைய வச்சாளுவ. நான் கேட்டேன், "ராத்திரி அவளுக்கு என்ன திங்கக் குடுக்க? அதையே எனக்கும் ஒரு நாளு குடேன்"ண்ணு. அவ மொறைச்ச மொறைப்ப நீ பாக்கல. நான் கேலிக்குக் கேக்கல மக்கா. எனக்கு அந்தப் பொண்ணு பக்கத்துல போயி இருந்து பாக்கணும் போல இருக்கு. எப்பிடி மூச்சு விடுகா, ஒருக்களிச்சுக் கெடக்காளா மலந்து கெடக்காளா, வாயத் தொறந்துக்கிட்டா மூடிக்கிட்டா. சினிமா பாக்குற மாதிரி இருந்து பாப்பேன்.

இரி, இரி. கருவேப்பில எங்கயும் ஓடிராது. அந்த வாழநாருக் கட்ட அங்கண நவட்டிட்டு இரி. நீ இங்கண கொஞ்ச நேரம் இருந்தா எனக்கு ஒரு தைரியம். இப்போ பூ யாவாரி வருவான். அவங்கிட்ட, "இனிமே ராத்திரிக்கு எனக்குப் பூ கொண்டு வராத"ண்ணு சொல்லணும். ஆஸ்பத்திரியில எனக்கு ஒறக்கத்துக்கு வழி சொல்லுக பிள்ள சொல்லியிருக்கா. சொல்லீருவேன். சொன்னாத்தான் எனக்கு ஒறக்கம் வரும், ஒறக்கம் வந்தாத்தான் எம் பேத்தி எங்கூட வந்து படுப்பா. அவ்வளவுதான் விசயம். ஆனா பாரு, நேத்தும் இப்பிடித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

நீ இந்தத் தெருவுக்குக் குடி வந்து ஆறு மாசம் இருக்குமா? அப்போ ஒனக்கு அரையும் குறையுமாத்தான் தெரியும். ராத்திரி நான் கத்துகது மட்டும் கேட்டிருக்கும். உன் வீட்டுக்காரரு மொத நாளு டார்ச்ச எடுத்துக்கிட்டு ஓடி வந்தாரே, கைலிய முட்டுக்கு மேல தூக்கிக் கெட்டிக்கிட்டு! "கள்ளனா ஆச்சி?"ண்ணு. நான் சொன்னேன், "கள்ளன் இல்ல மக்கா, நாந்தான்"ண்ணு. இப்போ நெனச்சாலும் சிரிப்பு வருகு.

நான் பூ கெட்டுகவ. அதோட மார்க்கட்டுக்குப் போறவ. இருவத்தெட்டு வருசம். தோவாளை மார்க்கட்டுக்கு வெடியதுக்கு வெகு முன்ன பூ போய்ச் சேரணும், இல்லண்ணா கேரளாவுக்குப் போற வண்டி போயிரும். எங்க பக்கத்துல இருந்து ஒரு டெம்போ போவும். பின்னால பூ மூட்டை, மூட்டைக்கு மேல நாலஞ்சு பொம்பளைக. முன்னால டிரைவர் பக்கத்துல ஒரு ஆளுக்குத்தான் எடம். அந்த எடம் சும்மா கெடைக்காது கேட்டியா. அழகா இருக்கவளுக்கும் கெடைக்காது, வயசுல மூத்தவளுக்கும் கெடைக்காது. வாய் இருக்கவளுக்குத்தான்.

என்னாண்ணா, அந்நேரத்துல டிரைவருக்குக் கண்ணு சொக்கும். பாட்டு போட்டா பாட்டுக்கே ஒறங்கீருவான். பக்கத்துல ஒருத்தி இருந்து ஓயாம பேச்சுக் குடுக்கணும். அதும் சும்மா பேசுனா போதாது, அவன பதில் சொல்ல வைக்கணும். நான் எப்பிடிப் பேசுவேன் தெரியுமா? ஒரு கதையத் தொடங்குவேன். மார்க்கட்டு வர்றதுக்குள்ள முடிக்க மாட்டேன். நல்ல எடத்துல கொண்டு நிறுத்துவேன். அவன் "பொறவு?"ண்ணு கேக்கணும். கேட்டாண்ணா முழிச்சிருக்கான். "பொறவு" வரப் பிந்துனா தொடையில ஒரு நுள்ளு. அவன் "யம்மா"ம்பான். மூணு டிரைவர் மாறுனாவ, நான் மாறல. ஒருத்தன் கல்யாணத்துக்குப் பத்திரிக வைக்க வந்தவன் எம் மவங்கிட்ட சொன்னான், "உங்கம்மைட்ட நுள்ளு வாங்குன எடம் இப்பவும் நீலமாட்டு கெடக்கு"ண்ணு. அப்பிடி ஒரு பெருமை எனக்கு.

பின்னால மூட்டைக்கு மேல எங்க மைனி. எங்கண்ணன் பெண்டாட்டி. அவளும் நானும் ஒரே நாளுல பூ யாவாரத்துக்கு எறங்குனவ. பிச்சிப்பூ மூட்டைக்கு மேல அவளுக்கு மெத்தையில கெடக்குக மாதிரி ஒறக்கம் வரும். நான் முன்னால இருந்து கத்திப் பேசுவேனா, அவ பின்னால இருந்து தகரத்தத் தட்டுவா. "ஏட்டி, உன் வாயக் கொஞ்சம் மூடு, மனுசி ஒரு கண்ணு ஒறங்கட்டும்!" நான் சொல்லுவேன், "நான் மூடுனா நீ மொத்தமா ஒறங்கீருவ மைனி." எல்லாரும் சிரிப்பாவ. இப்பிடி எத்தன நாளு சொல்லியிருப்பேன்.

போன ஓணத்துக்கு முந்தின ஓணம். ஓணம் வந்தா எங்களுக்குத் திருவிழாவும் அதுதான், தீவாளியும் அதுதான். கேந்திப்பூவும் வாடாமல்லியும் மலை மாதிரி வரும். மூணு ராத்திரி யாரும் படுக்கல. நாலாவது நாளு டெம்போவுல ஏறி இருந்தேன். காத்துண்ணா காத்து, ஆரல்வாய்மொழிக் கணவாயில இருந்து குளுகுளுண்ணு வருகு. நான் கதையத் தொடங்கிட்டேன். ஒரு கல்யாண வீட்டுல ஒரு உருளி அவியல் காணாமப் போன கதை. நடந்த கதைதான். பந்தியில எல போட்டாச்சு, ஆளு இருந்தாச்சு, சமையக்காரன் உருளிய எடுக்கப் போறான், உருளி இருந்த எடத்துல உருளி இல்ல. அங்கண கொண்டு நிறுத்துனேன். அவன் "பொறவு?"ண்ணு கேட்டான்.

அது எனக்குக் கேட்டுது ஏட்டி. அதுதான் சங்கடம். "பொறவு?"ண்ணு கேட்டது நல்லாக் கேட்டுது. சொல்லுவோம், இப்பச் சொல்லுவோம்ணு நெனச்சேன். நெனச்சது நெனச்சபடியே கண்ணு போயிட்டு.

முழிச்சப்போ தண்ணி. ரோட்டோரமா ஓடுக சானல்ல வண்டி தலகுப்புறக் கெடக்கு. நெஞ்சளவுதான் தண்ணி. நெஞ்சளவுத் தண்ணியில யாரு சாவா? ஆனா மூட்டை எல்லாம் மைனி மேல கெடந்துது. இருட்டுல தப்பித் தப்பி அவ தலமயிரு கையில கெடைச்சுது. பிடிச்சு இழுத்தேன், இழுத்தேன், "எழும்பு மைனி, எழும்பு"ண்ணு கத்திக்கிட்டே இழுத்தேன். வெளிச்சம் வந்த பொறவு பாத்தா சானல் முழுக்க கேந்திப்பூ மஞ்சளா ஒழுகிப் போவு. கரையில நிண்ணு பாத்த ஒருத்தன் "என்ன அழகு"ண்ணு சொல்லிட்டு, பொறவுதான் எங்களப் பாத்தான். அவனச் சொல்லிக் குத்தமில்ல. அழகாத்தான் இருந்துது.

டிரைவருக்குக் கால் ஒடஞ்சுது. ஆஸ்பத்திரியில எனக்கு அடுத்த வார்டுல கெடந்தான். நல்ல பய. என்னைச் சக்கர நாக்காலியில உருட்டிக்கிட்டுப் போனப்போ கையப் பிடிச்சுக்கிட்டு அழுதான். "பெரியம்ம, அண்ணைக்கு நீங்க பேசலியே"ண்ணான். குத்திக்காட்டச் சொல்லல. பிள்ள அம்மைகிட்ட சொல்லுகது போலச் சொன்னான். நான், "ஆமா மக்கா, பேசல"ண்ணு சொன்னேன்.

அதுக்குப் பொறவு… சவம், நீயும் "பொறவு"ண்ணு கேக்காத ஏட்டி! அந்த வார்த்தைய மட்டும் எங்கிட்ட கேக்காத. வேற எப்பிடி வேணும்னாலும் கேளு. "மிச்சத்தச் சொல்லு"ண்ணு கேளு. ஹா, பயந்துட்டியா? மூஞ்சியப் பாரு.

கண்ணு சொருகும்போ காலுக்கடியில வண்டி சரிஞ்ச மாதிரி இருக்கும். ஒடனே தூக்கிப் போடும். சில நாளு அதையும் தாண்டி ஒறங்கீட்டேண்ணா, ஒரு மணி நேரம், ஒண்ணரை மணி நேரம், சானல் வந்துரும். கத்துவேன், கைய வீசுவேன், யாரு பக்கத்துல கெடக்காண்ணு தெரியாது. பக்கத்துல கெடந்தது எம் பேத்தி.

அவளுக்கு இப்போ அஞ்சு முடிஞ்சு ஆறு நடக்கு. பால்குடி மறந்த நாளுல இருந்து எங்கூடத்தான் படுப்பா. எங் காதுமடலப் பிடிச்சுக்கிட்டாத்தான் ஒறங்குவா. பாரு, பழைய காது, தண்டட்டி போட்ட எங்கம்மை காது மாதிரி தொங்காது, ஆனாலும் பிடிக்கக் கொஞ்சம் சதை இருக்கு. ரெண்டு விரலால அத உருட்டிக்கிட்டே இருப்பா. விரலு நிண்ணா பிள்ள ஒறங்கீட்டாண்ணு அர்த்தம். அப்பிடிப்பட்ட பிள்ளைக்கு என் வளையலு பட்டு புருவத்துல ரெண்டு தையலு. நானே அடிச்சிருக்கேன், எனக்கே தெரியாது. முழிச்சுப் பாத்தா ரத்தம். இது சானல்ல உள்ளதா வீட்டுல உள்ளதாண்ணு எனக்குப் பிடி கெடைக்கல.

மவன் பிள்ளையத் தூக்கிக்கிட்டு அவன் ரூமுக்குப் போனான். மறுநாளு தல குனிஞ்சுக்கிட்டேதான் சொன்னான், "அம்மா, நீ ஏழு நாளு கத்தாம ஒறங்கு. பிள்ளைய நானே கொண்டாந்து உம் பக்கத்துல விடுகேன்." நியாயந்தானே? மருமவளும் அழுதா. அவ தங்கமான பிள்ள, குழம்புல உப்புதான் போடத் தெரியாது.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னாவ. கசகசா அரைச்சுப் பாலுல குடிண்ணா ஒருத்தி. இசக்கியம்மைக்கு மஞ்சளும் சேலையும் சாத்துண்ணா இன்னொருத்தி. சாத்துனேன். சந்தன நெறத்துல நல்ல சேலை, அம்மைக்கு எடுப்பா இருந்துது. கசகசா நல்ல ருசி. ஒறக்கம் மட்டும் வரல.

பொறவுதான் மவன் என்னையப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். மனசுக்குப் பாக்குற டாக்டரு. எல்லாம் கேட்டுட்டு, இது பெரிய பயம் உள்ள போயி இருந்துக்கிட்டதால வர்ற சொகக்கேடுண்ணு சொன்னாரு. எனக்கு நல்ல ஆறுதலு. மழைக்கு ஓடி வந்தவன் வீட்டுக்குள்ளயே இருந்துக்கிட்ட மாதிரிதானேண்ணு கேட்டேன். சிரிச்சாரு. மாத்திரை எழுதித் தரட்டுமாண்ணு கேட்டாரு. நான் வேண்டாம்ணுட்டேன். மவன் கோவப்பட்டான். அவனுக்கு என்ன தெரியும்? மாத்திரை போட்டு ஒறங்கினா, சானல் வரும்போ முழிக்க முடியாதே மக்கா. உள்ளயே கெடக்கணுமே. டாக்டரு, "சரி, மாத்திரை இல்லாத வழியும் ஒண்ணு இருக்கு, கொஞ்சம் நாளாகும்"ண்ணு அடுத்த ரூமுக்கு அனுப்புனாரு. அங்கதான் இந்தப் பிள்ள. வடக்க எங்கயோ உள்ளவ, நம்ம பேச்சு பாதி அவளுக்குப் புரியாது. "கொஞ்சம் மெதுவா சொல்லுங்க பாட்டிம்மா"ம்பா. எங்கிட்ட!

அவ சொன்னது எல்லாம் கேட்டா ஒனக்குச் சிரிப்பு வரும். பகல்ல படுக்கப்பிடாது. கட்டிலு ஒறங்குகதுக்கு மட்டும், அதுல இருந்து பூ கெட்டப்பிடாது, வெத்தல போடப்பிடாது. சாயங்காலத்துக்கு மேல சாயா இல்ல. அத மட்டும் என்னால தாங்க முடியல. எத்தன மணிக்கு ஒறங்குனாலும் தெனமும் ஒரே நேரத்துல எழும்பணும். சொப்பனம் கண்டு முழிச்சா, கண்ணுல படுக அஞ்சு சாமானப் பேரு சொல்லணும், இது வீடுண்ணு மனசுக்குத் தெரியுகதுக்கு. "இருட்டுல எனக்கு என்ன பிள்ள கண்ணுல படும்?"ண்ணு கேட்டேன். "அப்போ கையில படறத சொல்லுங்க"ண்ணா. தலகாணி, கட்டிலுக் காலு, சொம்பு, சுவரு. நாலு. அஞ்சாவதா எங் காதையே பிடிச்சுச் சொல்லுவேன்.

இன்னொண்ணு சொன்னா, அது எனக்குப் பிடிச்சுது. வெளிச்சத்துல இருக்கும்போ சொப்பனத்த நாமே மாத்திச் சொல்லிப் பாக்கணுமாம். "முடிவ உங்களுக்குப் பிடிச்ச மாதிரி மாத்துங்க பாட்டிம்மா, தெனமும் பத்து நிமிசம் அதையே மனசுல ஓட்டுங்க. மெல்ல மெல்ல சொப்பனமும் மாறும்." கதை சொல்லுகதுதானே, எனக்குச் சொல்லித் தரணுமா? டிரைவர் "பொறவு?"ம்பான். நான் ஒறங்க மாட்டேன். உருளி எங்க போச்சுண்ணு சொல்லீருவேன். அவன் சிரிப்பான். மைனி தகரத்தத் தட்டுவா. வண்டி மார்க்கட்டுல போயி நிக்கும். மைனி எறங்கி, சேலைய ஒதறி, "சாயா வாங்கித் தா ஏட்டி, உன் வாயால ஒரு கண்ணு ஒறங்கல"ம்பா. மத்தியானம் மத்தியானம் இத ஓட்டுனேன். அழகா ஓடும்.

ஒரு ராத்திரி நெசமாவே மாறுச்சு பாத்துக்கோ. வண்டி சானலுக்குப் போவல. மார்க்கட்டுக்குப் போச்சு. எனக்கு ஒறக்கத்துலயே சந்தோசம். மைனி எறங்கி வந்தா. சேலை நனைஞ்சு சொட்டுகு. "ஏட்டி, நீ ஏன் அண்ணைக்கு ஒறங்குன?"ண்ணு கேட்டா. கோவமா இல்ல. வெல கேக்குக மாதிரி சாதாரணமாக் கேட்டா. அதுக்குச் சானலே தேவலாம்ணு ஆயிப்போச்சு. அந்தப் பிள்ளைகிட்ட சொன்னேன். அவ எழுதிக்கிட்டா.

எழுத்துண்ண ஒடனே ஞாவகம் வருகு. எத்தன மணிக்குப் படுத்தேன், எத்தன மணிக்கு முழிச்சேன்ணு நான் தெனமும் எழுதிக் கொண்டாரணுமாம். "எனக்கு எழுத்துத் தெரியாது பிள்ள, பூவை எண்ணத்தான் தெரியும்"ண்ணேன். அதுக்கு எம் பேத்திதான் வழி கண்டுபிடிச்சா. காலண்டர்ல, ஆச்சி கத்தாத ராத்திரிக்கு ஒரு பூ, கத்துன ராத்திரிக்கு ஒரு காக்கா. செவப்புப் பென்சில்ல பூ, கறுப்புல காக்கா. காலம்பற எழும்புன ஒடனே வந்து, "ஆச்சி, பூவா காக்காவா?"ம்பா. ரெண்டு மாசத்துல ஏழெட்டுப் பூ. அதுல பாதி தள்ளித் தள்ளி. மிச்சம் பூரா காக்கா. தர்ப்பணம் குடுத்த எடம் மாதிரி கெடக்கும் அந்தக் காலண்டர். ஏழு பூ சேந்தாப்புல வந்தா அவ எங்கிட்ட வருவா. நாலு பூ வரைக்கும் ஒரு தடவ வந்துது. அஞ்சாவது நாளு காக்காவ வரைஞ்சுட்டு அதுக்கு ஒரு கொண்டையும் போட்டா, எனக்கு வருத்தமா இருக்கப்பிடாதுண்ணு.

அங்கதான் நான் ஒரு வேல பண்ணுனேன். யார்ட்டயும் சொல்லாத.

அந்த ஆஸ்பத்திரிப் பிள்ள சொல்லியிருந்தா, படுத்து ஒறக்கம் வரலண்ணா கட்டில்ல உருண்டுக்கிட்டுக் கெடக்கப்பிடாது, எழும்பி வேற எடத்துல போயி சலிப்பா ஏதாவது வேல செய்யணும், கண்ணு சொக்குனா திரும்பி வரணும்ணு. எனக்குச் சலிப்பான வேல எது? பூக் கெட்டுகதுதான். அடுக்களப் படியில லைட்டப் போட்டுக்கிட்டு இருந்து கெட்டுவேன். ரெண்டு மொட்டு இப்பிடி, ரெண்டு மொட்டு அப்பிடி, ஒரு சுத்து. அப்பிடி ஒரு நாளு வெடிய வெடிய கெட்டிக்கிட்டே இருந்துட்டேன். ஒறங்கவே இல்ல. காலம்பற பேத்தி வந்து, "ஆச்சி கத்தல! பூ!"ண்ணு குதிச்சா. எனக்கு அப்போதான் வெளங்கிச்சு. ஒறங்குனாத்தானே கத்தணும்?

ஏழு நாளுதானே ஏட்டி! ஓணத்துக்கு மூணு நாளு முழிச்சவளுக்கு ஏழு நாளு என்ன கணக்கு? பகல்ல ஒரு சொட்டு, நாக்காலியில இருந்து கண்ணசந்து எழும்புவேன், அவ்வளவுதான். ராத்திரி பூரா படியில. மவன் எழும்புகதுக்கு முன்ன கட்டில்ல போயிக் கெடந்துருவேன். மூணாவது நாளு பூ யாவாரி மார்க்கட்டுக்குப் போறவன் லைட்டப் பாத்துட்டு நிண்ணான். "யக்கா முழிச்சுத்தான் இருக்கியளா? அப்போ இந்த மூட்டையையும் கெட்டிருங்க." மறுநாளு ரெண்டு மூட்டை. அதுக்கு அடுத்த நாளு தெருவுல உள்ளவளுவளே கொண்டாந்து வைக்கத் தொடங்கீட்டாளுவ. "ஆச்சி, எனக்குக் கண்ணு சொக்குகு, மிச்சத்த நீங்க கெட்டிருங்க." இந்தத் தெருவே ஒறங்கணும்ணா நான் முழிச்சிருக்கணும்ணு ஆச்சு. பழைய வேலதான், பாத்தியா! வண்டி மட்டும் இல்ல. எனக்கு அதுல ஒரு சந்தோசம்கூட இருந்துது, பொய் சொல்லப்பிடாது. எல்லா வீட்டுலயும் லைட்டு அணைஞ்சு கெடக்கும். என் வீட்டுல மட்டும் எரியும். எல்லாரும் பத்திரமா இருக்காவ, நான் பேசிக்கிட்டு இருக்கேன் மாதிரி ஒரு நெனப்பு. சோறு எறங்காது, கண்ணு முன்னால பூச்சி பறக்கும். ஆனா காலண்டர்ல பூ, பூ, பூ.

ஏழாவது நாளு மவன் சொன்னபடி பிள்ளையக் கொண்டாந்து விட்டான். அவன் மொகத்துல அப்பிடி ஒரு வெளிச்சம். "அம்மா, மாத்திரையே இல்லாம சொகமாயிட்டியே"ண்ணான். நான் விரிப்ப ஒதறிப் போட்டேன். பிள்ள தலகாணியத் தூக்கிக்கிட்டு வந்து ஏறிப் படுத்தா. எங் காதைத் தேடிப் பிடிச்சா. நாலு மாசமாச்சு அந்த விரலு பட்டு. அண்ணைக்கும் முழிச்சிருக்கணும்ணுதான் நெனச்சிருந்தேன். பிள்ள ஒறங்குன பொறவு படியில போயி இருந்துருவோம்ணு. ஆனா அந்த விரலு உருட்டிக்கிட்டே இருந்துது. உருட்டிக்கிட்டே… விரலு நிக்குகதுக்கு முன்னாலயே நான் போயிட்டேன். டெம்போவுல போன மாதிரியே.

ஏழு நாளு ஒறக்கம் ஒண்ணா வந்து அமுக்கிச்சு. முழிக்கவே முடியல. சானல் வந்துது, மூட்டை வந்துது, தலமயிரு கையில கெடைச்சுது. பிடிச்சேன். விடல. "எழும்பு மைனி, எழும்பு"ண்ணு இழுத்தேன். பிள்ள கத்துனது எனக்குச் சொப்பனத்துலதான் கேட்டுது. மவன் வந்து எங் கைய ஒவ்வொரு விரலா விரிச்சு எடுத்தான். பிள்ளைக்குக் காயம் ஒண்ணும் இல்ல. கொத்தா மயிரு மட்டும் எங் கையில இருந்துது.

அதுக்குப் பொறவு அவ காலண்டர்ல ஒண்ணும் வரையல. நான் கேக்கவும் இல்ல. பென்சில எங்க வச்சாளோ.

பகல்ல வருவா, கத கேப்பா, பல்லாங்குழி ஆடுவா, எல்லாம் ஆடுவா. ஆனா மடியில ஏறுகதுக்கு முன்ன ஒரு கேள்வி கேப்பா. "ஆச்சி, இப்போ ஒறங்க மாட்டியள்லா?" மாட்டேன் மக்கா, மாட்டேன்ணு சொன்னாத்தான் ஏறுவா. நான் ஒரு கொட்டாவி விட்டாக்கூட பைய எறங்கிப் போயிருவா. நான் அத வெளையாட்டா எடுத்துக்குவேன். கொட்டாவி வந்தா பாட்டுப் பாடி மறைச்சிருவேன். நேத்து பாத்த இல்லியா, நடுப்பேச்சுல திடீர்ணு தாலாட்டு பாடுனேனே? அதுதான்.

ஆஸ்பத்திரிப் பிள்ளைகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். ஏசுவாண்ணு நெனச்சேன். ஏசல. "ஏழு ராத்திரி தூங்காம இருந்தா யாருக்கும் இப்படித்தான் ஆகும் பாட்டிம்மா. மொதல்ல இருந்து ஆரம்பிப்போம்"ண்ணா. பதினொரு மணிக்குப் படுக்கணும், நாலரைக்கு எழும்பணும், நடுவுல எழும்புனா சும்மா இருக்கணும். ராத்திரியில பூ மட்டும் கையில எடுக்கவே கூடாது. பகல்ல எவ்வளவும் கெட்டிக்கலாம். "நீங்க இன்னும் அந்த முன்சீட்டுலயே இருக்கீங்க. எப்போ எறங்கப் போறீங்க?"ண்ணு கேட்டா. "வண்டி இன்னும் மார்க்கட்டு போய்ச் சேரலியே பிள்ள"ண்ணு சொல்லிச் சிரிச்சேன். அவ சிரிக்கல.

அது சொல்லி மூணு வாரம் ஆவு. தெனமும் யாவாரிகிட்ட சொல்லுவோம், சொல்லுவோம்ணு இருக்கேன். அவன் மூட்டைய எறக்கி வச்ச ஒடனே வாய் வருகதில்ல. எனக்கு! வாய் வரல! ஒறக்கம் முன்ன மாதிரிதான். ஒரு மணி நேரம், சில நாளு ரெண்டு. ரெண்டு மணி நேரம் ஒறங்குன நாளு ஒண்ணு இருந்துது, போன செவ்வாக்கெழம. யார்ட்ட சொல்ல? காலண்டர்ல போட ஆளு இல்ல. அந்தப் பிள்ள சொல்லுகா, வருசம் ஆனாலும் மாறும்ணு. மாறும்தான். எம் பேத்தி அதுக்குள்ள காதைப் பிடிக்காம ஒறங்கப் படிச்சுட்டா. மருமவ சொல்லுகா, இப்போ தனியாவே ஒறங்குகாளாம், ஒரு சத்தம் இல்லாம, சுவரப் பாத்துத் திரும்பிக் கெடந்து. நல்லதுதானே. ஒறங்கட்டும். ஒரு பிள்ள நல்லா ஒறங்குகாண்ணு கேக்க எனக்குச் சந்தோசந்தான்.

உருளியா? அந்த அவியல் உருளி எங்க போச்சுண்ணா? அத மட்டும் நான் யாருக்கும் சொல்லல ஏட்டி. வாய் வரைக்கும் வரும். அவன் கேட்டப்போ சொல்லாதத இப்போ ஒனக்கு எப்பிடிச் சொல்ல.

சத்தம் கேக்கா? யாவாரி பைக்குதான். நீ எங்கயும் போயிராத, இங்கண இரி. நான் சொல்லுகத மட்டும் பாரு… வா மக்கா, வா. இல்ல, இறக்காத. இறக்காத, ஒரு விசயம் சொல்லணும், அங்கண நில்லு. என்னது? நாளைக்கு முகூர்த்தமா? பிச்சியா? எத்தன வீட்டுல கெட்ட முடியாதுண்ணு கை விட்டாவ? அது உன் பாடு, எனக்கு ஆஸ்பத்திரியில கண்டிசனா…

இரு, எம் பேத்தி வருகா. தலகாணியோட எங்க மக்கா, அதுக்குள்ள படுக்கப் போறியா? நாளைக்குப் பள்ளிக்கூடத்துல ஓட்டப்பந்தயமா? அப்போ சீக்கிரம் ஒறங்கணும்தான். என்ன? கிட்ட வந்து சொல்லு, கேக்கல.

ஆச்சி இண்ணைக்கு ஒறங்குவேனாண்ணா?

இல்ல மக்கா. ஆச்சி ஒறங்கல. நீ கதவத் தொறந்து போட்டே படு. ஆச்சி அடுக்களப் படியிலதான் இருப்பேன், லைட்டு எரியும். ஒரு சத்தமும் வராது. போ, போயி தைரியமாப் படு.

…ஏட்டி, என்னைய அப்பிடிப் பாக்காத. எழும்பு, அந்த நார எடுத்துத் தண்ணியில போடு. சாக்க நனைச்சு விரி, அந்த மூலையில. கருவேப்பிலைய நீயே பறிச்சுக்கோ. மூட்டைய இறக்கு மக்கா, பைய, பைய, மொட்டு நசுங்கிரும். பாரு, இப்பவே வெள்ளை தட்டீட்டு. விரியதுக்கு முன்ன கையில எடுக்கணும்…